ரிலீஃப் செதுக்கினால் மட்டும் எக்ஸ் அச்சு இடப்பக்கம் நகர்கிறது: மோட்டாரை மாற்ற வேண்டுமா?

மரச்செதுக்கர்

அனைவருக்கும் வணக்கம். என் சிஎன்சி ரவுட்டரின் (கணினி நிரலால் இயங்கும் மரம் செதுக்கும் இயந்திரம்) எக்ஸ் அச்சு சில வாரங்களாகத் தொல்லை கொடுக்கிறது. மூன்று அச்சிலும் நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் (ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது மின்துடிப்புக்கும், ஓர் அடி நகர்பவை). அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) 5 மி.மீ.; மோட்டாரை இயக்கும் டிரைவரில் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ். அதாவது ஒரு மி.மீ.க்கு 320 பல்ஸ்.

பலகையில் எழுத்து வெட்டினாலும் பள்ளம் எடுத்தாலும் அளவு பிசகுவதில்லை. பூவேலை, முகம் போன்ற ரிலீஃப் செதுக்கும்போதுதான் சிக்கல். வேலை முடிந்து கருவி தொடக்கப் புள்ளிக்குத் திரும்பும்போது ஒன்றரை மி.மீ. அளவுக்கு நகர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே நகர்கிறது, வலப்பக்கம் நகர்ந்ததே இல்லை. ஃபீடை (கருவி நகரும் வேகத்தை) பாதியாகக் குறைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

மோட்டாரின் மேல் கை வைத்தால் சில நொடிகளுக்கு மேல் தாங்கவில்லை. டிரைவரில் பிழை விளக்கு எரிவதில்லை. மோட்டார் பலமிழந்துவிட்டது, ஒரு படி பெரியதாகப் போடுங்கள் என்று அறிந்தவர் ஒருவர் சொல்கிறார். மாற்றுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

உளிமுனை

வணக்கம். பல்ஸ் தவறுகிறது என்பது தெளிவு. ரிலீஃபில் கருவி ஓயாமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மோட்டார் முழு முறுக்குவிசையைக் கொடுத்தாக வேண்டும். முதலில் முடுக்கத்தைக் குறையுங்கள், பிறகு டிரைவரில் மின்னோட்டத்தை ஒரு படி ஏற்றுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் பெரிய மோட்டார்தான். மோட்டாரையும் பால் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூவையும் இறுக்கிவிடுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

சுருள்வழி

எதையும் மாற்ற வேண்டாம், மின்னோட்டத்தையும் ஏற்ற வேண்டாம். முதலில் பிழையை அளந்து பார்ப்போம். "ஒன்றரை மி.மீ. அளவுக்கு" என்பது போதாது. ஸ்டெப்பரில் பிழையின் அளவே பாதி விடையைச் சொல்லிவிடும்.

1.8 பாகை ஸ்டெப்பரின் ரோட்டாரில் 50 பற்கள் இருக்கின்றன. சுமை தாங்காமல் அது பிடி நழுவினால் நினைத்த இடத்தில் போய் நிற்க முடியாது. சுருள்களில் அதே மின்னோட்ட நிலைக்குப் பொருந்தும் அடுத்த பல்லில்தான் போய் உட்காரும். ஒரு பல் என்பது 7.2 பாகை, அதாவது நான்கு முழு ஸ்டெப். உங்கள் 5 மி.மீ. ஸ்க்ரூவில் அது சரியாக 0.1 மி.மீ. எனவே பலம் போதாமல் நழுவும் மோட்டார் 0.1, 0.2, 0.3 என்ற கணக்கில்தான் பிழை தரும். 0.04 என்றோ 0.37 என்றோ தராது. ஸ்க்ரூவுக்குப் பதில் ராக் அண்ட் பினியன் (பல் தண்டும் பல் சக்கரமும்) வைத்திருப்பவர்கள் தங்கள் பினியனுக்கு இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாட்யூல் 1, 20 பல் பினியனை மோட்டார் நேரடியாகச் சுற்றினால் ஒரு நழுவலுக்கு ஏறத்தாழ 1.26 மி.மீ. வரும். அது கண்ணுக்கே தெரியும்.

ஸ்பின்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரை) நிறுத்திவிட்டு, கருவி மரத்தைத் தொடாத உயரத்தில், இரண்டு சிறு நிரல்களை ஓட்டுங்கள். முதலாவது, எக்ஸ் அச்சில் 10 மி.மீ. போய்த் திரும்புவது, 100 முறை. இரண்டாவது, 50 மி.மீ. போய்த் திரும்புவது, அதுவும் 100 முறை. தொடக்கத்திலும் முடிவிலும் டயல் கேஜில் அளவு பாருங்கள். கேஜை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நெருங்குங்கள், இல்லாவிட்டால் பேக்லாஷும் (திசை திரும்பும்போது வரும் தளர்வு) கணக்கில் கலந்துவிடும். கப்ளிங், மோட்டார் தண்டு, ஸ்க்ரூ முனை மூன்றின் மேலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று வழுக்கினால் கோடு உடைந்து தெரியும்.

சூட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். கை பொறுக்காத சூடு 60 பாகை செல்சியஸிலேயே வந்துவிடும். ஸ்டெப்பரின் உறை 80 பாகை வரை போவது இயல்பு. பி வகுப்பு மின்காப்பு உள்ளே 130 பாகையைத் தாங்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்பதற்குச் சூடு சாட்சி ஆகாது.

பல்சக்கரம்

இடையில் ஒரு கேள்வி. என்னுடைய மோட்டார் ஒன்றில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூள் நிறையப் படிந்திருக்கிறது, கையால் சுற்றும்போது சற்றுக் கரகரக்கிறது. பின் மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி ரோட்டாரை எடுத்துச் சுத்தம் செய்யலாமா?

சுருள்வழி

வேண்டவே வேண்டாம். ரோட்டாரை வெளியே எடுத்தால் அந்த மோட்டாரின் பலம் நிரந்தரமாகக் குறைந்துவிடும். இந்த வகை மோட்டார்களில் ரோட்டாரை உள்ளே பொருத்திய பிறகுதான் காந்தமேற்றுகிறார்கள். ரோட்டாரைச் சுற்றியுள்ள இரும்புதான் அந்தக் காந்தப் பாதையை மூடி வைத்திருக்கிறது. ரோட்டாரை உருவினால் பாதை திறந்து காந்தத்தின் ஒரு பகுதி போய்விடும். திரும்பப் பொருத்தினாலும் அது வராது. தவிர, ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே உள்ள வெளி 0.1 மி.மீ.க்கும் குறைவு. அதில் ஒரு துகள் இரும்புத்தூள் ஒட்டினால் போதும், புதிய கரகரப்பு தொடங்கிவிடும்.

தூளைத் தூரிகையால் தட்டி, உறிஞ்சும் குழாயால் எடுங்கள். அழுத்தக் காற்றை மோட்டார் தண்டின் பக்கம் காட்டாதீர்கள். பேரிங்கின் மூடியைத் தாண்டித் தூளை உள்ளே தள்ளுவது அந்தக் காற்றுதான். மோட்டாரைக் கப்ளிங்கிலிருந்து கழற்றி, கேபிளையும் பிரித்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகத் தட்டித் தட்டி நகர்ந்தால் அது காந்தப் பிடிப்பு, இயல்பானது. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மணல் அரைபடுவது போல் இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. கேபிளைப் பிரிக்காமல் சுற்றாதீர்கள், சுருள்கள் டிரைவர் வழியாக மூடப்பட்டிருந்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும்.

இதைக் கொண்டே மல்டிமீட்டர் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். பிரித்த மோட்டாரின் ஒரு சுருளுக்குரிய இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்துக்கொண்டு தண்டைச் சுற்றுங்கள். நன்றாக எதிர்க்கும். விட்டுவிட்டால் எளிதாகச் சுற்றும். இரண்டு சுருளும் ஒரே அளவு எதிர்க்க வேண்டும். ஒன்று எதிர்க்கவே இல்லை என்றால் அந்தச் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது.

வில்லைத்தடம்

இந்த இழையிலேயே என் சிக்கலையும் கேட்கலாமா? என் இயந்திரத்தில் ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டார். வலப்பக்க மோட்டார் திடீரென்று சுற்றாமல் நின்ற இடத்தில் உறுமி நடுங்குகிறது. கேன்ட்ரி (மேசையின் குறுக்கே நகரும் பாலம்) கோணிக்கொள்கிறது. நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. மேசையின் நடுப்பகுதியைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

உளிமுனை

இதில் சந்தேகமே வேண்டாம். ஒரு ஃபேஸ் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு சுருளில் ஒன்றுக்கு மின்சாரம் போகாவிட்டால் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது, நடுங்கும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நடப்பதால் கேபிள் செயினுக்குள் கம்பி உள்ளேயே அறுந்திருக்கிறது. வெளியுறை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே செம்பு இழைகள் முறிந்திருக்கும். செயின் ஒரு பக்கம் வளையும்போது முனைகள் தொட்டுக்கொள்ளும், நிமிரும்போது பிரியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கேபிளைக் கழற்றவோ ஆட்டிப் பார்க்கவோ செய்யாதீர்கள். சுருளில் ஓடும் மின்னோட்டம் அறுபடும் நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். உங்கள் கேபிள் உள்ளே அறுந்து அறுந்து சேர்வதும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே கேபிளை மாற்றும்வரை இயந்திரத்தை ஓட்டாமல் இருப்பது நல்லது.

சுருள்வழி

உளிமுனை சொல்வது முற்றிலும் சரி. அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பலர் டிரைவர் பக்கத்தில் ஓம் மீட்டரை வைத்துவிட்டு கேன்ட்ரியைக் கையால் தள்ளிப் பார்ப்பார்கள். அப்படித் தள்ளினால் மோட்டார் சுற்றும். சுற்றும் ஸ்டெப்பர் ஒரு ஜெனரேட்டர். அது தரும் மின்னழுத்தத்தில் மீட்டரின் எண்கள் தாறுமாறாக ஓடும், கேபிள் நல்லதாக இருந்தாலும் கெட்டது போல் காட்டும்.

மின்சாரத்தை நிறுத்தி, டிரைவருக்கு மின்னூட்டும் பகுதியின் கப்பாசிட்டர்கள் காலியாகச் சில நிமிடம் விட்டு, கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள். மோட்டார் பக்க முனையில் ஒரு சுருளுக்குரிய இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். டிரைவர் பக்கத்தில் மீட்டரை வைத்து, இப்போது கேன்ட்ரியை மெல்ல நகர்த்துங்கள். ஓர் ஓமுக்கும் குறைவான எண் அசையாமல் நிற்க வேண்டும். ஓரிடத்தில் குதித்தால் அங்கேதான் முறிவு. மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.2 அல்லது 0.3 ஓம் இருக்கும், அதை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் மற்றக் கம்பிகளுக்கும், கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மாற்றும்போது அசையும் பயன்பாட்டுக்கென்றே செய்த, நுண்ணிழைகள் கொண்ட கேபிளைப் போடுங்கள். செயினின் வளைவு ஆரம் கேபிளின் வெளிவிட்டத்தைப் போல் 10 மடங்கு அளவில் இருந்தால் நீடிக்கும். செயினுக்குள் எங்கும் ஒட்டு வைக்காதீர்கள். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், அது முடியும் ஓரத்தில்தான் அடுத்த முறிவு வரும். இரண்டு முனையிலும் கேபிளைக் கட்டிப் பிடியுங்கள், நடுவில் கட்டாதீர்கள்.

பல்சக்கரம்

டெர்மினலில் நுழைக்கும் முனைக்கு ஈயம் வைக்கலாம் அல்லவா? நான் அப்படித்தான் செய்கிறேன், இழைகள் பிரியாமல் இருக்கும்.

உளிமுனை

அங்கும் வேண்டாம் நண்பரே. திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கியது சில மாதத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்த டெர்மினல் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். ஃபெரூல் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு அழுத்துங்கள். நான் எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் திருப்புளியை எடுத்து டிரைவர் டெர்மினல்களைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மரச்செதுக்கர்

சோதனை செய்துவிட்டேன். 10 மி.மீ. தூரத்துக்கு 100 முறை: கேஜ் 0.62 மி.மீ. இடப்பக்கம் காட்டியது. 50 மி.மீ. தூரத்துக்கு 100 முறை: 0.63. இரண்டையும் மறுபடி ஓட்டினேன், அதே எண்கள். பெயின்ட் கோடு மூன்று இடத்திலும் முழுதாக இருக்கிறது. ஸ்பின்டில் அணைத்தே இருந்தது.

சுருள்வழி

மிக நல்ல அளவீடு. இதிலிருந்து எவ்வளவு தெரிகிறது பாருங்கள்.

0.62 என்பது 0.1-இன் மடங்கு இல்லை, எனவே மோட்டார் பலமின்றி நழுவவில்லை. ஸ்பின்டில் ஓடவில்லை, மரத்தில் வெட்டவில்லை. எனவே விஎஃப்டி (ஸ்பின்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தரும் மின் இரைச்சலும் இல்லை, வெட்டும் சுமையும் இல்லை. தூரம் ஐந்து மடங்கானாலும் பிழை மாறவில்லை, எனவே மி.மீ.க்கான பல்ஸ் எண்ணில் தவறு இல்லை, வழியில் எங்கோ பல்ஸ் உதிரவும் இல்லை. பிழை தூரத்தோடு வளரவில்லை, திரும்பும் எண்ணிக்கையோடுதான் வளர்கிறது.

உங்கள் ஒரு பல்ஸ் 0.003125 மி.மீ. இரண்டு பல்ஸ் 0.00625. அதை 100-ஆல் பெருக்கினால் 0.625. நீங்கள் அளந்ததும் அதுதான்! போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு பல்ஸ் இடப்பக்கம் போகிறது.

இரண்டு பல்ஸ் ஏன் என்றால், ஒரே ஒரு பல்ஸ் தவறான திசையில் எண்ணப்பட்டால் வித்தியாசம் இரண்டு. போக வேண்டிய ஒன்று போகவில்லை, எதிர்ப்பக்கம் ஒன்று கூடிவிட்டது. கட்டுப்பாட்டுப் பலகை திசைக் கம்பியின் நிலையை மாற்றிய உடனேயே முதல் பல்ஸை அனுப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். டிரைவர் அந்தத் திசை மாற்றத்தை உள்வாங்குவதற்குள் பல்ஸ் வந்து சேர்கிறது, பழைய திசையிலேயே ஓர் அடி வைத்துவிடுகிறது. பல டிரைவர்களின் ஏட்டில் திசை மாறிய பின் 5 மைக்ரோ நொடியாவது பொறுத்துத்தான் பல்ஸ் அனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கும்.

இரு திசையிலும் இப்படி நடந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஆனால் டிரைவரின் நுழைவாயிலில் இருக்கும் ஆப்டோகப்ளர் (சைகையை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) எரிவதில் வேகம், அணைவதில் தாமதம். அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் பல்ஸ் முந்திக்கொள்கிறது. எப்போதும் இடப்பக்கமே நகர்வது அதனால்தான்.

உங்கள் ரிலீஃப் வரிகள் எவ்வளவு இடைவெளியில் ஓடுகின்றன?

மரச்செதுக்கர்

வரி இடைவெளி 0.2 மி.மீ. செதுக்கிய பரப்பு ஒய் திசையில் 100 மி.மீ. வரிகள் எக்ஸ் திசையில் ஓடுகின்றன.

சுருள்வழி

500 வரி, அதாவது 250 முறை போய்த் திரும்புதல். 250 × 0.00625 = 1.56 மி.மீ. முதல் பதிவில் நீங்கள் எழுதிய ஒன்றரை மி.மீ. இதுதான். எழுத்து வெட்டும்போது எக்ஸ் அச்சு திசை மாறுவது சில பத்து முறைதான், அதனால் பிழை கண்ணில் படவில்லை.

உளிமுனை

கணக்கு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் எனக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. இயந்திர நழுவலும் திரும்பும் நொடியில்தான் நடக்கும், தூரத்தோடு அதற்கும் தொடர்பில்லை. பால் ஸ்க்ரூவின் நட்டுப் பிடிப்பு, முனை பேரிங்கின் பூட்டு நட்டு இவற்றில் எதன் மேலும் பெயின்ட் கோடு இல்லை. எண் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாமே. கட்டுப்பாட்டுப் பலகையின் அமைப்புகளை மாற்றச் சொல்வதற்கு முன் இதை விலக்கிவிட வேண்டும்.

சுருள்வழி

நியாயமான கேள்வி, அதற்குச் சோதனையும் இருக்கிறது. டிரைவரின் டிப் சுவிட்சில் 1600-ஐ 800 ஆக்குங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். கட்டுப்பாட்டில் மி.மீ.க்கு 320 என்பதை 160 ஆக்குங்கள். வேகம், முடுக்கம் எதையும் தொட வேண்டாம். அதே 10 மி.மீ. நிரலை ஓட்டுங்கள்.

இயந்திரத்தில் ஏதோ வழுக்குகிறது என்றால் அதற்கு மைக்ரோஸ்டெப் எண்ணை (சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பதை) பற்றித் தெரியாது, 0.62 அப்படியே இருக்கும். நான் சொல்வது சரியென்றால் ஒரு பல்ஸின் நீளம் இரட்டிப்பாகிறது, பிழையும் 1.25 ஆக வேண்டும்.

இயலுமானால் இன்னொன்று: 1600-இலேயே வைத்து ஒய் அச்சிலும் அதே 100 முறையை ஓட்டிப் பாருங்கள். ஒய் மோட்டாருக்கு எந்தக் குறையும் சொல்லாதவர் நீங்கள். அதிலும் 0.62 வந்தால் எக்ஸ் மோட்டார் மீதான குற்றச்சாட்டு மொத்தமாக விழுந்துவிடும்.

மரச்செதுக்கர்

800-இல் வைத்து ஓட்டியதில் எக்ஸ் அச்சு 1.25 மி.மீ. காட்டியது. 1600-க்குத் திருப்பி ஒய் அச்சை ஓட்டினேன்: 0.62, முன்பக்கமாக.

உளிமுனை

இதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. மோட்டாரும் ஸ்க்ரூவும் நல்லவை. திசை மாறிய பின் பல்ஸ் காத்திருக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

சுருள்வழி

உங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகளில் இந்தக் காத்திருப்பு நேரம் திசை முன்நேரம் அல்லது அதைப் போன்ற பெயரில் இருக்கும். அதை 10 மைக்ரோ நொடியாக்குங்கள். பல்ஸின் அகலம் மிகக் குறைவாக இருந்தால் அதையும் 5 ஆக்குங்கள். அதோடு, திசைக் கம்பிக்குப் பலகை கொடுக்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 5 வோல்ட்டுக்கென்று செய்த நுழைவாயிலில் 24 வோல்ட் கொடுத்தால் தொடரில் 2 கிலோ ஓம் மின்தடை வேண்டும். பெரும்பாலான டிரைவர்களின் ஏட்டில் அது போட்டிருக்கும். அதைவிடப் பெரிய மின்தடை இருந்தால் ஆப்டோகப்ளருக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காமல் அது இன்னும் மந்தமாகும்.

சில பலகைகளில் இந்த அமைப்பு இருக்காது. அப்போது பல்ஸின் முனைமாற்றத்தைத் தலைகீழாக்கலாம். டிரைவர் பல்ஸ் தொடங்கும் விளிம்பில் அடி வைக்காமல் முடியும் விளிம்பில் வைக்கும். பல்ஸின் அகலம் முழுவதும் திசைக்குக் கிடைத்த அவகாசமாகிவிடும்.

வில்லைத்தடம்

நீங்கள் சொன்னபடியே முனைகளை முறுக்கி அளந்தேன். ஒரு சுருளுக்குரிய இணையில் எண் 0.7-லிருந்து திடீரென்று திறந்த சுற்றுக்குப் போனது, மேசை நடுவைத் தாண்டும் அதே இடத்தில். புதிய கேபிள் போட்டாகிவிட்டது, நடுக்கம் போய்விட்டது. ஆனால் இப்போது வலப்பக்க மோட்டார் எதிர்த்திசையில் சுற்ற முயல்கிறது, உடனே நிறுத்திவிட்டேன்.

உளிமுனை

ஒரு சுருளின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தி, ஒரே ஒரு சுருளின் கம்பிகளை மட்டும் முன்பின் மாற்றினால் திசை மாறிவிடும். இரண்டு சுருளையும் மாற்றினால் பழைய நிலைக்கே வரும். இரட்டை மோட்டார் கேன்ட்ரியில் இந்தச் சோதனையைச் செய்யும்போது இரண்டு பக்கமும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். எதிரெதிரே சுற்றினால் கேன்ட்ரி முறுக்கிக்கொள்ளும், நேர்கோட்டுத் தண்டவாளம் பழுதாகும்.

ஆழ்துளை

இவ்வளவு அலைச்சலுக்குப் பதில் குளோஸ்டு லூப் ஸ்டெப்பரோ சர்வோவோ (என்கோடரால் தன் நிலையைத் தானே சரிபார்க்கும் மோட்டார்கள்) போட்டுவிடலாமே? பிழையே வராது.

சுருள்வழி

மரச்செதுக்கர் அதைப் போட்டிருந்தாலும் இந்தப் பிழை அப்படியே வந்திருக்கும். குளோஸ்டு லூப் டிரைவர் தனக்கு வந்த பல்ஸை மோட்டார் நிறைவேற்றியதா என்று மட்டுமே பார்க்கும். தவறான திசையில் எண்ணப்பட்ட பல்ஸையும் அது உண்மையென்று நம்பி ஒழுங்காக நிறைவேற்றும். ஆயிரம் கோடு என்கோடர் இருந்தாலும் பயன் இல்லை.

சுமை மிகும்போது நழுவும் சிக்கலுக்கு அது நல்ல தீர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கடமை உண்டு. டிரைவரின் அலாரம் வெளியீட்டைக் கட்டுப்பாட்டின் நிறுத்து நுழைவாயிலில் இணைத்தாக வேண்டும். பல இயந்திரங்களில் அந்தக் கம்பி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். இரட்டை மோட்டார் கேன்ட்ரியில் ஒரு டிரைவர் அலாரத்தில் நின்று, மற்றது ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை வில்லைத்தடம் இப்போதுதான் பார்த்தார்.

பல்சக்கரம்

மோட்டார் சூட்டைப் பற்றிப் பிறகு சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

சுருள்வழி

ஆம். ஸ்டெப்பர் நிற்கும்போதும் முழு மின்னோட்டம் வாங்கும், அதனால் சும்மா நிற்கும் இயந்திரத்திலும் சூடு ஏறும். டிரைவரில் நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கும் சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இசட் அச்சுக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். கனமான ஸ்பின்டில் தொங்கும் அச்சில் பாதிப் பிடி போதாமல் போகலாம்.

மின்னோட்ட அட்டவணையில் உச்ச மதிப்பு, ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) என்று இரண்டு பத்திகள் இருக்கும். உச்சம் ஆர்எம்எஸ்ஸைப் போல் 1.4 மடங்கு. மோட்டார் பெயர்ப்பட்டையில் உள்ள எண்ணை ஆர்எம்எஸ் பத்தியோடு ஒப்பிட்டு, அதைத் தாண்டாமல் வையுங்கள். வேகமாக ஓடும்போது பலம் குறைகிறது என்பதற்காக மின்னோட்டத்தை ஏற்றுவதில் பயன் குறைவு. வேகத்தில் பலத்தைத் தின்பது சுருளின் தூண்டல், அதற்கு மருந்து மின்னழுத்தம். தூண்டலை மில்லி ஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கான மேல் வரம்பு கிடைக்கும். 2.5 மில்லி ஹென்றிக்கு ஏறத்தாழ 50 வோல்ட். டிரைவரின் வரம்பு அதைவிடக் குறைவென்றால் டிரைவர் சொல்வதே வரம்பு. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அதற்கும் இடம் வேண்டும் என்பதால் டிரைவர் வரம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

உளிமுனை

மோட்டாரைவிட டிரைவர் பெட்டியின் சூடுதான் எனக்குக் கவலை. மின்விசிறியின் வலையில் எம்டிஎஃப் தூள் கம்பளி போட்டதுபோல் படிந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. பவர் சப்ளையின் மின்பகு கப்பாசிட்டர்களுக்கு 10 பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். இயந்திரம் பழசாக ஆக வேகமாக நகரும்போது மட்டும் எல்லா அச்சும் தடுமாறத் தொடங்கினால் மோட்டார்களைச் சந்தேகிக்கும் முன் பவர் சப்ளையில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். நான்கு மோட்டார் ஒரே நாளில் கெடாது.

தூள் உறிஞ்சும் குழாயையும் எர்த் செய்யுங்கள். உலர்ந்த நாளில் அந்தக் குழாயில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகத் தாவினால் லிமிட் சுவிட்ச் காரணமின்றி அடிக்கும். குழாய் நெடுகிலும் ஒரு வெற்றுச் செம்புக் கம்பியை ஓட்டி எர்த்தில் கட்டினால் போதும்.

மரச்செதுக்கர்

திசை முன்நேரம் 1 மைக்ரோ நொடியில் இருந்தது. டிரைவர் ஏட்டில் 5 என்று போட்டிருக்கிறது. 10 ஆக்கினேன். 10 மி.மீ. நிரல், 50 மி.மீ. நிரல் இரண்டிலும் கேஜ் முள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. ஒய் அச்சும் அப்படியே. நேற்று அதே பூவேலையை முழுதாகச் செதுக்கினேன். கடைசி வரி முதல் வரியோடு ஓரம் பிசகாமல் சேர்கிறது, இதழ்களின் விளிம்பில் முன்பு வந்த சாய்வும் இல்லை. நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கியதில் எக்ஸ் மோட்டாரின் மேல் இப்போது கையை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது.

உளிமுனை, சுருள்வழி இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரிய மோட்டார் வாங்கியிருந்தால் பழைய பிழையோடு புதிய மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆழ்துளை

எனக்கும் ரிலீஃபில் சிறு நகர்வு இருக்கிறது, உங்கள் 100 முறை நிரலை ஓட்டியதில் 0.3 வருகிறது. கட்டுப்பாட்டு மென்பொருளாக நான் ஜிஆர்பிஎல் பயன்படுத்துகிறேன், என் நண்பர் லினக்ஸ்சிஎன்சி. இந்த அமைப்பு அவற்றில் எங்கே இருக்கிறது?

சுருள்வழி

லினக்ஸ்சிஎன்சியில் ஒவ்வொரு அச்சுக்கும் டிர்செட்டப், டிர்ஹோல்டு என்று இரண்டு இருக்கின்றன. எண்கள் நானோ நொடியில், எனவே 5 மைக்ரோ நொடிக்கு 5000 என்று எழுத வேண்டும். ஜிஆர்பிஎல் 1.1-இல் இது சாதாரண அமைப்புப் பட்டியலில் இல்லை. மூல நிரலின் கான்ஃபிக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரி செயலற்று வைக்கப்பட்டிருக்கும், அதைத் திறந்து மறுபடி தொகுத்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் டாலர் 2 அமைப்பில் பல்ஸின் முனைமாற்றத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

ஆனால் உங்கள் 0.3 எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் ஸ்க்ரூவின் லீட் என்ன, சுற்றுக்கு எத்தனை பல்ஸ்? 5 மி.மீ. என்றால் 0.3 என்பது மூன்று நழுவலாகவும் இருக்கலாம், அது வேறு கதை. 50 மி.மீ. நிரலையும் ஓட்டி, மைக்ரோஸ்டெப்பைப் பாதியாக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று எண்களையும் இங்கே போடுங்கள்.